அபோஃபிஸ்: முப்பத்தேழில் ஒன்று

2004 டிசம்பர் கடைசி வாரம் என்று சொன்னால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் யாருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் நினைவுக்கு வரும். 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தத் தேதியைச் சொன்னதும் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

அதே வாரத்தில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. அது பலருக்குத் தெரியாது. டிசம்பர் 23 தொடங்கி 27 வரை, கிறிஸ்துமஸ் விடுமுறையையும் விட்டுவிட்டு, அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஒரு சிலர் கணினி முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்நூறு மீட்டருக்கும் பெரிய ஒரு பாறை 2029 ஏப்ரல் 13ஆம் தேதி பூமியில் மோதுமா, மோதாதா என்பதுதான் கணக்கு. ஒரு கட்டத்தில் வந்த விடை: முப்பத்தேழில் ஒரு பங்கு வாய்ப்பு, மோதலாம்!

அந்தப் பாறையின் பெயர் அபோஃபிஸ். அதைக் கண்டுபிடித்த கதையையும், அது எப்படிப்பட்ட கல் என்பதையும்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சிறுகோள்களில் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில், நம்மைத் தொந்தரவு செய்யாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சில மட்டும் பாதை மாறி பூமிக்குப் பக்கத்தில் வந்து போகின்றன. இப்படிப்பட்டவற்றில் முதலாவதாகக் கண்டுபிடிக்கப்பட்டது ஈரோஸ். 1898இல் பெர்லினில் குஸ்தாவ் விட் என்பவர் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இவற்றை யாரும் பெரிதாகத் தேடவில்லை. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாசாவிடம் ஒரு வேலையைக் கொடுத்தது: பூமிக்கு அருகே வரும், ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமான சிறுகோள்களில் 90 சதவீதத்தைப் பத்து வருடத்துக்குள் கண்டுபிடியுங்கள் என்று. அதன் பிறகுதான் தேடல் சூடு பிடித்தது. 2025 நவம்பரில் இந்த எண்ணிக்கை 40,000ஐத் தாண்டிவிட்டது.

இப்போது கதைக்கு வருவோம்.

2004 ஜூன் 19. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் பீக் என்று ஒரு மலை. அதன் உச்சியில் வரிசையாகத் தொலைநோக்கிகள் நிற்கின்றன. அங்கே அரிசோனா பல்கலைக்கழகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிசியோ பெர்னார்டி. இவர்களில் தோலன் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அவருடைய தேடலே கொஞ்சம் வித்தியாசமானது. மற்றவர்கள் நடுராத்திரியில், சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்க வானத்தைத் துழாவுவார்கள். அங்கே இருக்கும் சிறுகோள்கள் மீது வெளிச்சம் முழுதாக விழும், பளிச்சென்று தெரியும். ஆனால் பூமியின் பாதைக்கு உள்பக்கமாகவே பெரும்பாலும் சுற்றுகிற கற்கள் அங்கே அகப்படாது. விடிவெள்ளியை நடுராத்திரியில் பார்த்தவர் யாராவது உண்டா? அதே கதைதான். அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் பொழுது சாய்ந்த உடனேயோ விடிவதற்கு முன்போ, சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் வானத்தில் தேட வேண்டும். நேரமும் குறைவு, வெளிச்சத் தொல்லையும் அதிகம். தோலன் அங்கேதான் தேடினார்.

சிறுகோளைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அதுதான் ஆள். அன்று அப்படி ஒரு புள்ளி கிடைத்தது. மறுநாளும் கிடைத்தது. அதன் பிறகு தொடர்ந்து பார்க்க முடியாமல் போய், புள்ளி கைநழுவிவிட்டது.

இரண்டு ராத்திரிப் படங்களை வைத்து ஒரு சிறுகோளின் பாதையைச் சொல்ல முடியாது. ஒரு பந்தை யாரோ எறிகிறார்கள், நீங்கள் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் அதைப் பார்க்கிறீர்கள், எங்கே விழும் என்று சொல்லச் சொன்னால் எப்படி? அப்படித்தான். எனவே அதற்கு ஒரு தற்காலிக அடையாளம் மட்டும் கொடுத்தார்கள்: 2004 எம்என்4. இது ஏதோ கார் நம்பர் மாதிரி இருந்தாலும் இதற்குள் அர்த்தம் இருக்கிறது. வருடத்தை அரை அரை மாதமாக வெட்டி ஆங்கில எழுத்துகளை வரிசையாகக் கொடுப்பார்கள். (ஐ என்ற எழுத்து மட்டும் கிடையாது, ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால்.) அப்படிப் பார்த்தால் எம் என்பது ஜூன் மாதத்தின் பின்பாதி. அடுத்த எழுத்தும் எண்ணும் சேர்ந்து அந்த அரை மாதத்தில் அது எத்தனையாவது என்று சொல்லும். என்4 என்றால் 113ஆவது. அதாவது பதினைந்து நாளில் நூற்றுப் பதிமூன்றாவது. கூட்டத்தோடு கூட்டமாக வந்த கல் என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆறு மாதம் அதை யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் ஆய்வுக்கூடத்தில் கார்டன் கராட் என்பவர் ஒரு நகரும் புள்ளியைப் பிடித்தார். சிறுகோள்களின் பதிவேடு மாதிரி இயங்குகிற மைனர் பிளானட் சென்டர் அமெரிக்காவில் இருக்கிறது. இது அந்த ஜூன் மாதக் கல்தான் என்று அங்கே தெரிந்துவிட்டது. இப்போது கையில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு துண்டு. பாதையை ஓரளவுக்கு வரையலாம். வரைந்து பார்த்தபோதுதான் 2029 ஏப்ரல் 13இல் அந்தப் பாதை பூமியை உரசுகிற மாதிரி வந்தது.

சிறுகோள்களின் ஆபத்தைக் கணக்கிட அப்போது இரண்டு இடங்களில் தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில், பெயர் சென்ட்ரி. இன்னொன்று இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில். (ஆமாம், சாய்ந்த கோபுரத்து பீசாதான்.) ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால்தான் வெளியே சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

டிசம்பர் 23 அன்று நாசா வெளியிட்ட அறிவிப்பில், மோதுவதற்கு முந்நூறில் ஒரு பங்கு வாய்ப்பு என்று இருந்தது. மறுநாள் அது ஏறக்குறைய அறுபதில் ஒன்று. சிறுகோள் ஆபத்துக்கு டொரினோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 0 முதல் 10 வரை. 1999இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் நடந்த கூட்டத்தில் ஏற்றுக்கொண்டதால் அந்தப் பெயர். அதுவரை எந்தக் கல்லும் 1ஐத் தாண்டியதே இல்லை. இது முதல் நாள் 2, அடுத்த நாள் 4. ஒரு வட்டாரத்தையே அழிக்கக்கூடிய மோதலுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் 4 கொடுப்பார்கள். இன்று வரைக்கும் வேறு எதுவும் 4ஐத் தொட்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். படம் எடுக்க எடுக்கக் கணக்கு துல்லியமாக வேண்டும் அல்லவா? மோதாத கல்லுக்கு வாய்ப்பு ஏன் கூடிக்கொண்டே போனது? விஞ்ஞானிகள் குழம்பிவிட்டார்களா?

இல்லை. ஒரு குலுக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். பானைக்குள் முந்நூறு சீட்டு, அதில் ஒன்றில் உங்கள் பெயர். குலுக்குகிறவர் ஜெயிக்கப் போகிற சீட்டை நேரடியாக எடுக்காமல், தோற்ற சீட்டுகளை ஒவ்வொரு பிடியாக வெளியே எடுத்துப் போடுகிறார். முதல் பிடியில் உங்கள் சீட்டு வரவில்லை. இப்போது உள்ளே இருப்பது அறுபதுதான். உங்கள் வாய்ப்பு கூடிவிட்டது. அடுத்த பிடியிலும் வரவில்லை. இன்னும் கூடிவிட்டது. கடைசியில் ஒரு பிடியில் உங்கள் சீட்டும் வெளியே வந்து விழுகிறது. அந்த நிமிடமே வாய்ப்பு பூஜ்ஜியம். 2029இல் கல் கடந்து போகக்கூடிய இடங்கள் எல்லாம் அந்தப் பானைச் சீட்டுகள். புதுப் படம் ஒவ்வொன்றும் சில இடங்களைத் தள்ளிவிடுகிறது. பூமி இருக்கும் இடம் தள்ளப்படாத வரைக்கும் வாய்ப்பு ஏறத்தான் செய்யும். ஒன்று அது நூறு சதவீதத்துக்குப் போகும், அல்லது ஒரு நாள் தடாலென்று விழும். விழும் வரைக்கும் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் பயம்.

கிறிஸ்துமஸ் கடந்தது. 26ஆம் தேதி வந்தது.

இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி நடுங்கியது. அளவில் 9ஐத் தாண்டிய நடுக்கம். நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஹவாய் தீவுகளில் ஒவாஹு என்ற தீவில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. நிலநடுக்கம் நடந்த கால் மணி நேரத்தில் அங்கிருந்து முதல் அறிக்கை போய்விட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான அறிக்கை. நடுக்கத்தின் முழு பலமும் அப்போது தெரியவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது, யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்றும் வழி இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேல். எல்லா நாடுகளையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் அதிகம்.

அபோஃபிஸைக் கண்டுபிடித்த தோலன் வேலை பார்ப்பதும் அதே ஒவாஹு தீவில்தான். நான் இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே தீவில், ஒரே வாரத்தில், ஒருவர் கையில் இருபத்தைந்து வருடம் கழித்து வரப் போகிற ஒரு கல்லைப் பற்றிய தகவல், உலகத்துக்கே அறிவிக்க வழியோடு இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு கட்டடத்தில் இரண்டு மணி நேரத்தில் வரப் போகிற அலையைப் பற்றிய அரைகுறைத் தகவல் இருந்தது, சொல்ல வழி இல்லாமல். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மையத்து ஆட்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் கண்டுபிடிப்பது வேறு, கரையில் நிற்பவனுக்குச் சொல்வது வேறு. இரண்டாவதற்கு முன்கூட்டியே பணமும் ஆளும் போட்டிருக்க வேண்டும். ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான்.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் அலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த 27ஆம் தேதி, அபோஃபிஸ் மோதும் வாய்ப்பு உச்சத்துக்குப் போனது. 2.7 சதவீதம். முப்பத்தேழில் ஒன்று. அதைக் கவனிக்க அன்று உலகத்துக்கு நேரம் இல்லை.

அதே நாளில் அது விழவும் செய்தது! விழ வைத்தது ஒரு பழைய படம். கிட் பீக் மலையிலேயே ஸ்பேஸ்வாட்ச் என்று இன்னொரு சிறுகோள் தேடும் குழு இருக்கிறது. ஜூன் மாதத்துக்கும் முன்னால், மார்ச் 15 அன்று அவர்கள் எடுத்த படங்களில் இந்தக் கல் தற்செயலாக விழுந்திருந்தது. மங்கலாக இருந்ததால் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரிந்ததால், ஜெஃப் லார்சன், ஆன் டெஸ்கூர் என்ற இருவர் பழைய படங்களைத் தோண்டி அதைக் கண்டுபிடித்தார்கள். மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்ததும் கணக்கு இறுகியது. 2029இல் மோதாது என்று உறுதியானது. பானையிலிருந்து சீட்டு வெளியே விழுந்துவிட்டது.

இதில் என்னைக் கவர்ந்தது, உலகத்தைக் கலங்க வைத்த புள்ளி எந்த மலையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதோ, அதற்கான விடையும் அதே மலையில் ஒன்பது மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது என்பதுதான். படத்தை எடுத்தால் போதாது, பத்திரமாக வைக்கவும் வேண்டும் என்று நம் ஊர் ஆவணக் காப்பகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வார்களே, அது வானத்துக்கும் பொருந்துகிறது.

சரி, 2029 போயிற்று. ஆனால் தலைவலி முழுசாகப் போகவில்லை. 2005 ஜனவரி கடைசியில் போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ ரேடார் இந்தக் கல்லின் மீது அலைகளை அனுப்பித் தூரத்தை அளந்தது. (அந்த மாபெரும் தட்டு 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்துவிட்டது. வானியல் படிப்பவர்களுக்கு அது ஒரு துக்க நாள்.) அளந்து பார்த்ததில் 2029இல் கல் நாம் நினைத்ததை விட இன்னும் நெருக்கமாக வரும் என்று தெரிந்தது. அத்தனை நெருக்கமாக வந்தால் பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே வளைத்துவிடும். எவ்வளவு வளையும் என்பது அது எந்த இடத்தில் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏறக்குறைய 600 மீட்டர் அகலமே உள்ள ஒரு குறிப்பிட்ட இடைவெளி வழியாகக் கடந்தால், சரியாக ஏழு வருடம் கழித்து, 2036 ஏப்ரல் 13 அன்று வந்து மோதும். இந்த இடைவெளிக்குச் சாவித்துவாரம் என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்.

600 மீட்டர் என்பது விண்வெளியில் ஒன்றுமே இல்லை. ஆனால் அது இல்லை என்று நிரூபிக்க எட்டு வருடம் ஆனது. 1969இல் அப்பல்லோ 9இல் பறந்த ரஸ்டி ஷ்வைக்கார்ட் 2005இல் நாசாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கல்லின் மேல் ஒரு ரேடியோ கருவியைக் கொண்டுபோய் வையுங்கள், அப்போதுதான் அது எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியும் என்பது அவர் கோரிக்கை. தரையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம் என்று நாசா முடிவு செய்தது. திரும்பிப் பார்த்தால் நாசா சொன்னதுதான் சரியாகப் போனது. ஆனால் ஷ்வைக்கார்ட் மாதிரி ஆட்கள் விடாமல் நச்சரித்ததால்தான் இந்தத் துறைக்கு மரியாதையே வந்தது என்பது என் எண்ணம்.

அந்த இடைக்காலத்தில்தான் பெயர் வைத்தார்கள். 2005 ஜூனில் 99942 என்ற நிரந்தர எண், ஜூலையில் அபோஃபிஸ் என்ற பெயர். எகிப்தியப் புராணத்தில் சூரியக் கடவுள் ரா இரவில் பாதாளம் வழியாகப் படகில் போகும்போது, வழிமறித்து விழுங்கப் பார்க்கும் பாம்பு அது. அபேப் என்பது எகிப்தியப் பெயர், கிரேக்கர்கள் வாயில் அபோஃபிஸ் ஆனது. நமக்கு ராகு கேது மாதிரி. கண்டுபிடித்தவர்களுக்கு ஸ்டார்கேட் என்ற தொலைக்காட்சித் தொடர் மேல் பிரியம், அதில் வரும் வில்லன் பெயரும் அபோஃபிஸ்தான் என்பது கூடுதல் தகவல் :-)

பயமுறுத்தும் பெயர் கிடைத்ததும் வதந்திகளுக்குக் கேட்கவா வேண்டும்? 2008இல் ஜெர்மனியில் 13 வயது மாணவன் ஒருவன் நாசாவின் கணக்கில் தவறு கண்டுபிடித்துவிட்டான், மோதும் வாய்ப்பு 45,000இல் ஒன்று இல்லை, 450இல் ஒன்று, நாசாவே ஒத்துக்கொண்டது என்று ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 2029இல் கல் ஏதாவது செயற்கைக்கோளில் இடித்துப் பாதை மாறும் என்பது அந்த வாதம். நாசா ஒத்துக்கொள்ளவே இல்லை, உடனே மறுத்தது. கோடிக்கணக்கான டன் எடையுள்ள பாறை மீது சில டன் செயற்கைக்கோள் இடித்தால் என்ன ஆகும்? லாரி மீது கொசு இடித்த கதைதான். ஆனால் மறுப்பு யாருக்கு வேண்டும்? அந்தச் செய்தி வருடக்கணக்கில் மின்னஞ்சல்களில் சுற்றியது.

2013 ஜனவரியில் அபோஃபிஸ் மறுபடி கொஞ்சம் பக்கத்தில் வந்தபோது கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் அதை அளந்தது. 2036 மோதலும் பட்டியலிலிருந்து போயிற்று.

மிச்சம் இருந்த சந்தேகத்துக்குக் காரணம் வெயில். ஆமாம், வெயில்தான்! சிறுகோளின் ஒரு பக்கம் சூரிய வெப்பத்தில் சூடாகிறது. அது சுழன்று மறுபக்கம் திரும்பியதும் அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. வெளியேறும் வெப்பம் மிக மிக மெல்லிய ஒரு தள்ளல் கொடுக்கும். ராக்கெட் மாதிரிதான், ஆனால் பலம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வருடக்கணக்கில் சேர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். இதற்கு யார்க்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். 1900ஐ ஒட்டி ரஷ்யாவில் வாழ்ந்த இவான் யார்க்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் இதை எழுதி வைத்தார், கவனிப்பார் இல்லை. அபோஃபிஸின் மீது இந்தத் தள்ளல் வேலை செய்வதை 2020இல் தோலன் குழு அளந்து காட்டியது. பாதை வருடத்துக்கு ஏறக்குறைய 170 மீட்டர் விலகுகிறது. எடையே சரியாகத் தெரியாத ஒரு கல்லின் பாதை, வருடத்துக்கு இரண்டு ஃபுட்பால் மைதான நீளம்கூட நகர்வதில்லை. அதைப் பூமியில் இருந்துகொண்டு அளந்துவிட்டார்கள்!

2021 மார்ச்சில் கல் ஒரு கோடியே எழுபது லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் வந்தது. கோல்ட்ஸ்டோன் ரேடார் அலை அனுப்ப, அமெரிக்காவின் இன்னொரு மூலையில் இருக்கும் கிரீன் பேங்க் தொலைநோக்கி எதிரொலியைப் பிடித்தது. தூரத்தை 150 மீட்டர் துல்லியத்தில் சொல்ல முடிந்தது. அந்த மாதம் 26ஆம் தேதி வாக்கில் நாசா அறிவித்தது: குறைந்தது நூறு வருடத்துக்கு அபோஃபிஸால் ஆபத்து இல்லை. ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். 2004 கிறிஸ்துமஸில் ஆரம்பித்த கதை, முடிய பதினாறு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்தச் சமயத்தில் இன்னொரு சுவாரசியமான காரியமும் செய்தார்கள். அபோஃபிஸைப் பற்றி எதுவுமே தெரியாத மாதிரி நடித்து, புதிதாகக் கண்டுபிடிப்பது போல ஒரு ஒத்திகை. உலகத்தின் பல நாட்டுத் தொலைநோக்கிகள் கலந்துகொண்டன. தீயணைப்புப் படையின் மாதிரிப் பயிற்சி போலத்தான். ஒத்திகைக்கு இதைவிடப் பொருத்தமான கல் கிடைக்காது.

இத்தனை வருடம் பார்த்ததில் கல்லைப் பற்றியும் நிறையத் தெரிந்துவிட்டது. சராசரி அகலம் ஏறக்குறைய 340 மீட்டர். உருண்டை இல்லை, நீளவாக்கில் 450 மீட்டராவது இருக்கும். ரேடார் படங்களைப் பார்த்தால் இரண்டு கட்டிகள் ஒட்டிக்கொண்ட வேர்க்கடலை மாதிரி இருக்கலாம் என்று தோன்றுகிறது. சிலிக்கேட் பாறையும் இரும்பு, நிக்கல் கலப்பும் கொண்ட வகை. சுழற்சியும் நேரான சுழற்சி இல்லை. ஓயப் போகிற பம்பரம் தள்ளாடுமே, அப்படித் தள்ளாடிக்கொண்டே சுற்றுகிறது. வெளிச்சம் கூடிக் குறைவது ஏறக்குறைய 30 மணி நேரத்துக்கு ஒரு முறை. சூரியனைச் சுற்ற 324 நாள். மோதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஆயிரம் மெகாடன்னுக்கு மேல். 1908இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் இரண்டாயிரம் சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்த வெடிப்பு 10 முதல் 15 மெகாடன் என்கிறார்கள். ஒரு நாட்டுக்கு ஆபத்து, மனித இனத்துக்கு இல்லை. டைனோசர்களை அழித்த கல்லோ பத்து கிலோமீட்டர் அகலம் கொண்டது.

டொரினோவில் 4 என்ற சாதனை அபோஃபிஸிடம் இருந்தாலும், வாய்ப்புச் சதவீதத்தில் அதை ஒரு கல் முந்திவிட்டது. 2024 டிசம்பர் 27 அன்று (அதே 27!) சிலி நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஒய்ஆர்4. 2032இல் மோத 3.1 சதவீதம் வரை ஏறியது, 2025 பிப்ரவரியில். பிறகு அதே குலுக்கல் கதைதான், சில நாளில் விழுந்துவிட்டது. அளவு அறுபது மீட்டர்தான் என்பதால் 3க்கு மேல் கொடுக்கவில்லை. ஆனால் இந்த முறை சதவீதம் ஏறும்போதே "இது ஏறித்தான் விழும்" என்று பல செய்திகளிலும் விளக்கம் வந்தது. 2004இல் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

இனி 2029. ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. அபோஃபிஸ் பூமியின் தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கும். நம் டிவி சேனல்களைச் சுமந்து நிற்கும் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் கீழே! இந்த அளவுக் கல் இத்தனை பக்கத்தில் வருவது சில ஆயிரம் வருடங்களுக்கு ஒரு முறைதான். ஐக்கிய நாடுகள் சபை 2029ஐச் சிறுகோள் விழிப்புணர்வு ஆண்டாக அறிவித்திருக்கிறது. பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் எடுத்து 2023 செப்டம்பரில் பூமிக்கு அனுப்பிய நாசா விண்கலம், புதுப் பெயரோடு அபோஃபிஸை நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவின் ராம்சீஸ் என்ற விண்கலம் 2028இல் கிளம்பி, கடப்பதற்கு இரண்டு மாதம் முன்பே போய்ச் சேர்ந்து கூடவே வரவேண்டும் என்பது திட்டம். பூமியின் இழுப்பில் கல்லின் தள்ளாட்டம் மாறுமா, மேற்பரப்பில் மண் சரியுமா என்று பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். ஒன்று மட்டும் நிச்சயம், பாதை மாறும். 324 நாளில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு ஏறக்குறைய பதினான்கு மாதம் எடுத்துக்கொள்ளும்.

பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். ஆஸ்திரேலியா, இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா என்று மேற்கே நகர்ந்துகொண்டே பிரகாசமாகும். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இருப்பவர்களுக்கு வெறும் கண்ணுக்கே ஒரு சுமாரான நட்சத்திரம் மாதிரி தெரியும். மிக வேகமாகப் போகும்போது, ஒரு நிமிடத்தில் நிலாவின் அகலத்தைத் தாண்டிவிடும். மிக நெருங்கும் நேரத்தில் அது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும். நம் ஊர்க் கடிகாரத்தில் அப்போது ஏப்ரல் 14, அதிகாலை 3.16. சித்திரை 1. பிறக்கப் போகும் தமிழ் வருடத்தின் பெயர் சௌமிய.